ஸ்டீவி வொண்டரின் இசை வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீவி வொண்டர் யார்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள சாகினா நகரில் 1950ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி பிறந்த பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் அவர். பியானோ, ஹார்மோனிகா, டிரம்ஸ், கிளாவினெட் என்ற மின் கீபோர்டு, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் ஆகிய ஐந்தையும் வேறொரு கலைஞர் தேவைப்படாத அளவுக்குத் தேர்ச்சியோடு வாசிக்கக்கூடியவர். பதினோரு வயதில் இசை நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தமாகி, பதின்மூன்று வயதில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்து, இதுவரை 25 கிராமி விருதுகளைப் பெற்றிருக்கிறார்.

நம்மில் பலருக்கு அவர் 1984இல் வெளிவந்த ஒரு தொலைபேசிக் காதல் பாட்டின் வழியாகவே அறிமுகம். அந்தப் பாட்டு இனிமையானதுதான்; ஆனால் அதை மட்டும் கேட்டவர், அவருடைய உண்மையான உயரம் 1972க்கும் 1976க்கும் இடையில் வெளிவந்த ஐந்து இசைத்தொகுப்புகளில் இருக்கிறது என்பதை ஊகிக்கவே முடியாது. பல கருவிகளை வாசிப்பது அவருக்கு மேடை வித்தை அன்று. தன் இசையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வதற்கான வழி. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

அவர் பிறவியிலேயே பார்வையற்றவரா?

ஆறு வாரங்கள் முன்னதாகவே, குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையின் ரத்த நாளங்கள் முழுமையாக வளர்ந்திருக்காது. இன்குபேட்டரில் அளவுக்கு அதிகமான ஆக்சிஜன் சேரும்போது அந்த வளர்ச்சி தாறுமாறாகி விழித்திரை பிரிந்துவிடக்கூடும். அந்தக் காலத்தில் பல குழந்தைகளுக்கு நேர்ந்த அதே பாதிப்புதான் அவருக்கும் ஏற்பட்டு, பிறந்த சிறிது காலத்திலேயே பார்வை போனது.

கருவிகளை எப்படிக் கற்றுக்கொண்டார்?

நான்கு வயதில் தாயாரோடு டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்த அவர், பத்து வயதை எட்டுவதற்குள் பியானோ, ஹார்மோனிகா, டிரம்ஸ் மூன்றையும் வாசிக்கத் தொடங்கியிருந்தார். தேவாலயப் பாடகர் குழுவில் பாடிய அனுபவமும் சேர்ந்தது. முறையான பயிற்சி பின்னர்தான் வந்தது. லான்சிங் நகரில் இருந்த மிச்சிகன் பார்வையற்றோர் பள்ளியில் படித்தபோது ஐரோப்பியச் செவ்வியல் பியானோ கற்றார்.

மூன்று கருவிகளும் மூன்று வெவ்வேறு மரபுகளுக்கான கதவுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹார்மோனிகா அவரை புளூஸ் இசைக்கும், பியானோ தேவாலய இசைக்கும் ஜாஸின் ஸ்வரக் கூட்டுகளுக்கும், டிரம்ஸ் நடன இசைக்கும் கொண்டுசென்றன. பிற்காலத்தில் அவர் இசைவகைகளைக் கலந்தார் என்று சொல்வதைவிட, அவருக்கு அவை தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக இருக்கவில்லை என்று சொல்வதே பொருத்தம்.

மோடவுன் நிறுவனத்தில் அவர் சேர்ந்தது எப்படி?

மிராக்கிள்ஸ் என்ற பாடல் குழுவைச் சேர்ந்த ரானி வைட் சிறுவனின் திறமையைக் கேள்விப்பட்டு, 1961இல் அவரை டெட்ராய்ட்டின் மோடவுன் இசை நிறுவனத்தை நிறுவிய பெர்ரி கோர்டியிடம் அழைத்துச் சென்றார். அங்கே தாம்லா என்ற துணை நிறுவனத்தின் கீழ் ஒப்பந்தம் கையெழுத்தானது. சிறுவயதினர் என்பதால் அவருடைய வருமானம் இருபத்தொரு வயது நிரம்பும்வரை அறக்கட்டளைக் கணக்கில் வைக்கப்பட்டது.

மோடவுன் எப்படி இயங்கியது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் அவர் எடுத்த முடிவின் கனம் புரியும். கோர்டி டெட்ராய்ட் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். சட்டகமாக உள்ளே நுழைந்த வண்டி வரிசையின் மறுமுனையில் முழுமையாக வெளியே வருவதைப் பார்த்து, பாட்டையும் அப்படியே உருவாக்கலாம் என்று நினைத்தவர். எழுதுபவர் ஒருவர், தயாரிப்பவர் ஒருவர், வாசிப்பவர்கள் ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர்பெற்ற நிலையத்துக் குழுவினர், பாடுபவர் வேறொருவர். எந்தப் பாட்டை வெளியிடுவது என்பதைத் தரக் கட்டுப்பாட்டுக் கூட்டம் முடிவு செய்யும். இந்த ஏற்பாடு அற்புதமான பாடல்களைத் தந்தது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எழுதவும் வாசிக்கவும் பாடவும் தீர்மானிக்கவும் ஒருங்கே தெரிந்த ஒருவருக்கு அங்கே இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

அதே நேரத்தில், அந்த இடம்தான் அவருக்கு ஒப்பற்ற பள்ளியாகவும் இருந்தது. டிரம்ஸ் கலைஞர் பென்னி பெஞ்சமின், பேஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் போன்றோர் அன்றாடம் வேலை செய்யும் அறையில் வளர்ந்த சிறுவன், அவர்களுடைய கைவேலையைக் காதாலேயே உள்வாங்கிக்கொண்டான்.

பதின்மூன்று வயதில் முதலிடம் பிடித்த பாட்டு எது?

சிகாகோவின் ரீகல் அரங்கில் பார்வையாளர்கள் முன்னிலையில் பதிவான ‘ஃபிங்கர்டிப்ஸ்’ என்ற பாட்டின் இரண்டாம் பகுதி. 1963 ஆகஸ்டில் அது பில்போர்டு எனப்படும் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்துக்கு வந்தது. தனிக் கலைஞர்களில் மிக இளம் வயதில் அந்த இடத்தைப் பிடித்தவர் என்ற சாதனை இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பாட்டின் பெரும்பகுதி ஹார்மோனிகாவும் கூட்டத்தின் ஆரவாரமும்தான். பின்னாளில் பெரும் பாடகரான மார்வின் கே அதில் டிரம்ஸ் வாசித்திருக்கிறார் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

குரல் உடைந்தபோது வாய்ப்புகள் குறைந்தன என்கிறார்களே?

உண்மைதான். சிறுவனின் கீச்சுக் குரல் மாறியதும் நிறுவனத்துக்குள்ளேயே அவரை விட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. பாடலாசிரியர் சில்வியா மாய் அவருக்காக வாதாடி, அவர் விளையாட்டாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு மெட்டுத் துணுக்கை எடுத்து, ஹென்றி காஸ்பியோடு சேர்ந்து முழுப் பாட்டாக்கினார். 1965 இறுதியில் வந்த அந்த ‘அப்டைட்’ பாட்டு முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது.

இங்கே எனக்குப் பாட்டின் வெற்றியைவிட முக்கியமாகத் தோன்றுவது அதன் எழுத்தாளர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றதுதான். அதன் பிறகு மற்றவர்களுக்கும் இசையமைக்கத் தொடங்கினார். மிராக்கிள்ஸ் குழுவின் பாடகர் ஸ்மோக்கி ராபின்சன் வரிகள் எழுதி, 1970இல் அந்தக் குழுவுக்கு முதலிடம் வாங்கித்தந்த பாட்டின் மெட்டு ஸ்டீவி, காஸ்பி இருவருடையது. 1968இல் தன் பெயரைப் பின்னிருந்து முன்னாக எழுதி, ‘ஐவெட்ஸ் ரெட்னோ’ என்று ஒரு வாத்திய இசைத்தொகுப்பையும் வெளியிட்டார். பாடாமல் ஹார்மோனிகாவை முன்னிறுத்திய அந்தத் தொகுப்பு பெரிதாக விற்கவில்லை. ஆனால் ஒரு நட்சத்திரப் பாடகர் தன் பெயரை ஒளித்துவிட்டு வாத்தியக்காரராக மட்டும் நிற்க விரும்பினார் என்பது அவருடைய மனம் எங்கே இருந்தது என்பதைக் காட்டுகிறது.

1971இல் என்ன நடந்தது? அதை ஏன் திருப்புமுனை என்கிறார்கள்?

அந்த ஆண்டு மே மாதம் அவருக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. சிறுவயதில் போட்ட ஒப்பந்தம் அதோடு முடிவுக்கு வந்தது. அவர் உடனே புதுப்பிக்கவில்லை. டெட்ராய்ட்டையும் நிலையத்துக் குழுவையும் விட்டுவிட்டு நியூயார்க்குக்குப் போய், தன் கையிருப்புப் பணத்தைச் செலவழித்து, தானே ஸ்டூடியோ வாடகைக்கு எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினார். நிறுவனமும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை, காத்திருக்கும் வாத்தியக் குழுவும் இல்லை. பாட்டுகள் மட்டும் குவிந்துகொண்டே வந்தன.

பின்னர் மோடவுனோடு மீண்டும் பேச்சு நடந்தபோது, வழக்கறிஞர் ஜோஹானன் விகோடா அவருக்காக நீண்டதொரு ஒப்பந்தத்தைப் பேசி முடித்தார். எதைப் பதிவு செய்வது, எப்போது வெளியிடுவது என்பதில் முழு உரிமை கலைஞருக்கு. ராயல்டி விகிதம் உயர்வு. பாடல்களின் பதிப்புரிமை அவருடைய சொந்தப் பதிப்பு நிறுவனமான பிளாக் புல் மியூசிக்கின் வழியாக. மோடவுன் கலைஞர் ஒருவர் அதற்கு முன் இவ்வளவு பெற்றதில்லை.

இந்தப் பேரத்தில் அவருக்கு இருந்த பலம் பணமோ புகழோ மட்டும் அல்ல. பாடகர் ஒருவர் நிறுவனத்தை விட்டுப் போனால், எழுதுபவரையும் வாசிப்பவரையும் தேடி மறுபடியும் யாரிடமாவது போய் நிற்க வேண்டியிருக்கும். இவருக்கு அந்தத் தேவையே இல்லை. டிரம்ஸும் பேஸும் கீபோர்டும் குரலும் ஒரே ஆளிடம் இருக்கும்போது, ‘நாங்கள் இல்லாமல் நீ என்ன செய்வாய்’ என்று கேட்க எவராலும் முடியாது. பல கருவி வாசிப்பு ஒரு கலைஞனுக்கு எவ்வளவு பெரிய தொழில் சுதந்திரத்தைத் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

டோன்டோ என்று அடிக்கடி குறிப்பிடப்படும் கருவி என்ன?

பிரிட்டனைச் சேர்ந்த பேஸ் கலைஞரும் ஒலிப்பதிவாளருமான மால்கம் செசில், அமெரிக்கரான ராபர்ட் மார்கோலெஃப் ஆகிய இருவரும் சேர்ந்து உருவாக்கிய பிரம்மாண்டமான சிந்தசைசர் அமைப்பு அது. மூக் நிறுவனத்தின் பெரிய சிந்தசைசரைக் கருவாகக் கொண்டு, பிற நிறுவனங்களின் பகுதிகளையும் ஒன்றோடொன்று பேசும்படி இணைத்து, வளைந்த மரப் பெட்டிகளில் அடுக்கிவைத்திருந்தார்கள். வாசிப்பவர் அந்த வளைவுக்கு நடுவே நிற்பார். 1971இல் அவர்கள் வெளியிட்ட ஒரு வாத்திய இசைத்தொகுப்பைக் கேட்ட ஸ்டீவி, அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள அவர்களைத் தேடிச் சென்றார்.

அன்றைய சிந்தசைசர்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரத்தைத்தான் எழுப்பும். மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் மூன்று முறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிய வேண்டும். ஒலியின் நிறத்தை மாற்ற வயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும். அந்த வேலையை செசிலும் மார்கோலெஃபும் செய்ய, ஸ்டீவி வாசிப்பார். அவருடைய காது கேட்ட நிறத்தை அவர்களுடைய கைகள் தேடிக் கொடுத்தன. 1974வரை நீடித்த இந்தக் கூட்டணியில் நான்கு இசைத்தொகுப்புகள் வந்தன. 1973இல் வெளியான ‘இன்னர்விஷன்ஸ்’ தொகுப்பின் ஒலிப்பதிவுக்காக அவர்கள் இருவருக்கும் கிராமி கிடைத்தது. ஸ்டீவியைப் புகழும்போது இவர்களை மறந்துவிடுவது நியாயமில்லை.

ஒரே ஆள் பல கருவிகளை வாசித்து ஒரு பாட்டை எப்படிப் பதிவு செய்வது?

பல தடங்கள் கொண்ட நாடாவில். ஒவ்வொரு தடத்திலும் ஒரு கருவியைத் தனியாகப் பதிந்து, அதைக் காதில் கேட்டபடியே அடுத்ததை வாசிக்க வேண்டும். 1972இல் வந்த ‘டாக்கிங் புக்’ தொகுப்பில் உள்ள ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாட்டை ஒரு முறை கவனமாகக் கேட்டால் இது விளங்கும்.

முதலில் வருவது தனி டிரம்ஸ். ஹை-ஹேட் எனப்படும் இரட்டைத் தட்டில் அடிகள் ஒரே அளவாக விழாமல், சில அழுத்தமாகவும் சில லேசாகவும், இடையிடையே ஒரு சிறு துள்ளலோடும் விழுகின்றன. அதற்குப் பிறகு நுழையும் கரகரப்பான ஒலி கிளாவினெட்டினுடையது. ஜெர்மனியின் ஹோனர் நிறுவனம் தயாரித்த இந்த மின் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அடியில் உள்ள ரப்பர் முனை கம்பியை அழுத்தும். விரலை எடுத்ததும் ஒலி சட்டென்று நின்றுவிடும். கிட்டாரைப் போலக் கடிக்கும் இந்த ஒலியை ஸ்டீவி ஒரு தடத்தில் மட்டும் வாசிக்கவில்லை. பல தடங்களில் வெவ்வேறு துணுக்குகளாக வாசித்து ஒன்றோடொன்று பின்னியிருக்கிறார். அடியில் ஓடும் பேஸ், கிட்டார் அல்ல, மூக் சிந்தசைசர். டிரம்பெட், சாக்ஸஃபோன் இரண்டு மட்டுமே பிறர் வாசித்தவை.

டிரம்ஸ் வாசித்தபோது பாட்டு முழுவதும் அவர் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் பதியப்படாத கிளாவினெட்டுக்கு இடம் விட்டு அடிக்க முடியாது. தாளம் நொடிக் கணக்குப்படி சற்றே முன்னும் பின்னும் அசைகிறது. ஆனால் எல்லாக் கருவிகளும் ஒரே உடம்பிலிருந்து வருவதால் எல்லாமே ஒன்றாக அசைகின்றன. எத்தனை தேர்ந்த குழுவாலும் இதை அப்படியே நகலெடுக்க இயலாததற்குக் காரணம் அதுதான். அந்தப் பாட்டு 1973 ஜனவரியில் முதலிடத்துக்கு வந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் அவரே வாசித்தாரா?

இல்லை. 1972 மார்ச்சில் வந்த ‘மியூசிக் ஆஃப் மை மைண்ட்’ தொகுப்பில் ஒரு பாட்டில் டிராம்போனும் மற்றொன்றில் கிட்டாரும் தவிர ஏறத்தாழ அனைத்தும் அவருடையவை. ‘இன்னர்விஷன்ஸ்’ தொகுப்பிலும் பெரும்பாலான பாட்டுகள் அப்படியே. ஆனால் 1976இல் வந்த ‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’ இரட்டைத் தொகுப்பில் நிலைமை வேறு. பேஸ் கிட்டாரில் நேதன் வாட்ஸ், கிட்டாரில் மைக்கேல் செம்பெல்லோ, கீபோர்டில் கிரெக் ஃபிலிங்கேன்ஸ் என்று ஒரு குழுவே உருவாகியிருந்தது. ஜாஸ் உலகின் ஹெர்பி ஹேன்காக், ஜார்ஜ் பென்சன் போன்றோரும் வந்து வாசித்தார்கள்.

அதே தொகுப்பில் ‘இஃப் இட்ஸ் மேஜிக்’ என்ற பாட்டில் டோரதி ஆஷ்பியின் ஹார்ப் யாழ் மட்டுமே துணை. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, சிந்தசைசர் இல்லை. ஸ்டீவியின் குரலும் கடைசியில் சிறிது ஹார்மோனிகாவும் மட்டும். எதை வேண்டுமானாலும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் தன் கருவிகள் அத்தனையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, தனக்கு வாசிக்கத் தெரியாத ஒன்றுக்கு முழு இடத்தையும் கொடுத்திருக்கிறார். தேர்ச்சியைவிடப் பெரிய தீர்மானம் இது என்பது என் கருத்து.

அவருடைய இசை எந்த வகையைச் சேர்ந்தது?

சோல், ஃபங்க் என்ற பிரிவுகளில் அவரை வைப்பது வழக்கம். அந்த வகைப்பாடு தவறில்லை என்றாலும் போதாது. ‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’ தொகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், டியூக் எலிங்டன் போன்ற ஜாஸ் மேதைகளுக்கு வணக்கம் சொல்லும் துள்ளலான பாட்டு ஒன்று. குரலே இல்லாத ஜாஸ்-ராக் வாத்தியப் பகுதி ஒன்று. சேரி வாழ்க்கையின் அவலத்தை, அரண்மனை விருந்துக்குரிய கம்பி வாத்தியக் குழுவின் சாயலில் சிந்தசைசரை வாசித்துப் பாடும் பாட்டு ஒன்று. அந்தக் கடைசிப் பாட்டில் வார்த்தையும் இசையும் முரண்படுவதுதான் பாட்டின் பொருளே. ‘பாஸ்டைம் பேரடைஸ்’ பாட்டில் தேவாலயப் பாடகர் குழுவும் ஹரே கிருஷ்ண பக்தர்களும் சேர்ந்து பாடுகிறார்கள். அதே மெட்டை 1995இல் ராப் கலைஞர் கூலியோ எடுத்தாண்டபோது புதிய தலைமுறையும் அதைக் கேட்டது.

1973இல் லத்தீன் அமெரிக்கப் பியானோ நடை, 1980இல் பாப் மார்லிக்கு மரியாதை செலுத்தும் ரெகே என்று பட்டியலை நீட்டலாம். ஆனால் பட்டியலைவிட முக்கியமானது, எந்த வகையை எடுத்தாலும் அடியில் ஓடும் ஸ்வரக் கூட்டுகளின் நகர்வு அவருடையதாகவே இருப்பது. எளிமையான மெட்டுக்குக் கீழே ஜாஸ் இசைக்கே உரிய எதிர்பாராத திருப்பங்களை வைப்பார். கேட்பவர் சிரமம் உணராமல் அவற்றைக் கடந்துவிடுவார். பாடிப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும்.

1973 விபத்து அவருடைய வாசிப்பைப் பாதித்ததா?

‘இன்னர்விஷன்ஸ்’ வெளியான மூன்றாம் நாள், ஆகஸ்ட் 6ஆம் தேதி, வட கரோலினா மாநிலத்தில் அவர் பயணம் செய்த கார் ஒரு மரக்கட்டை லாரியில் மோதியது. தலையில் பலத்த அடிபட்டுச் சில நாட்கள் நினைவிழந்து கிடந்தார். முகர்வு உணர்வும் பாதிக்கப்பட்டது. வாசிப்புத் திறன் தப்பியது. அடுத்த ஆண்டிலேயே புதிய தொகுப்பு வந்துவிட்டது.

மூன்று முறை தொடர்ந்து சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி பெற்றார் என்பது சரியா?

அடுத்தடுத்து அவர் வெளியிட்ட மூன்று தொகுப்புகளுக்கு, 1974, 1975, 1977ஆம் ஆண்டு விழாக்களில் கிடைத்தது. இடையில் 1976இல் பரிசு பெற்ற பால் சைமன், அந்த ஆண்டு இசைத்தொகுப்பு எதையும் வெளியிடாமல் இருந்ததற்காக மேடையிலேயே ஸ்டீவிக்கு நன்றி சொன்னார். 1976 செப்டம்பரில் வந்த இரட்டைத் தொகுப்பு பில்போர்டு வரிசையில் நேராக முதலிடத்திலேயே நுழைந்து, மொத்தம் 14 வாரங்கள் அந்த இடத்தில் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பார்க்க முடியாதவர் திரைப்படத்துக்கு எப்படி இசையமைத்தார்?

செடிகளின் வாழ்க்கையைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு அவர் அமைத்த இசை 1979இல் இரட்டைத் தொகுப்பாக வந்தது. படத் தயாரிப்பாளர் மைக்கேல் பிரான் ஒவ்வொரு காட்சியிலும் என்ன தெரிகிறது என்பதை விவரித்துச் சொல்ல, ஒலிப்பதிவாளர் கேரி ஒலாசாபால் ஒவ்வொரு பகுதியின் கால அளவைச் சொல்ல, படத்தின் சொந்த ஒலியோடு இவை நான்கு தட நாடா ஒன்றில் பதியப்பட்டன. எஞ்சிய இடத்தில் ஸ்டீவி தன் இசையை வாசித்துச் சேர்த்தார். ஒரு மொட்டு விரிவதை வார்த்தையில் கேட்டு, அது எத்தனை நொடியில் விரிகிறது என்பதையும் கேட்டு, அதற்கு இசை எழுதுவது எத்தகைய கவனத்தைக் கேட்கும் வேலை என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

முந்தைய தொகுப்பைப் போன்ற ஒன்றை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். விமர்சனங்களும் கடுமையாகவே இருந்தன. என்னைக் கேட்டால், பாட்டு பாட்டாகப் பிரித்துக் கேட்காமல் முழுவதுமாகக் கேட்டால் அது மிகவும் துணிச்சலான படைப்பு. டிஜிட்டல் முறை இசைத்துறைக்குள் நுழைந்த தொடக்க காலத்திலேயே அந்த முறையில் பதிவானது என்ற சிறப்பும் அதற்கு உண்டு.

மார்ட்டின் லூதர் கிங் விடுமுறைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் கோரிக்கை 1968 முதலே நிலுவையில் இருந்தது. ஸ்டீவி அதற்காகவே ஒரு பிறந்தநாள் பாட்டை எழுதி 1980ஆம் ஆண்டுத் தொகுப்பில் சேர்த்தார்; 1981 ஜனவரி 15 அன்று வாஷிங்டனில் பெரும் பேரணி நடத்தினார். 1983 நவம்பரில் சட்டம் கையெழுத்தானது; 1986 ஜனவரியில் முதல் விடுமுறை வந்தது. 1985இல் ஆஸ்கர் விருதை நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஏற்றுக்கொண்டதற்காகத் தென்னாப்பிரிக்க அரசு ஒலிபரப்பில் அவருடைய இசை தடை செய்யப்பட்டது.

மற்ற கலைஞர்களின் பாட்டுகளில் அவருடைய ஹார்மோனிகா கேட்கிறதே?

ஆம். எல்டன் ஜான், சாக்கா கான், யூரித்மிக்ஸ், ஸ்டிங் ஆகியோரின் பாட்டுகளில் சில நொடிகளுக்கு மட்டும் வந்துபோகும் அந்த ஒலியை உடனே அடையாளம் கண்டுவிடலாம். அவர் வாசிப்பது குரோமாட்டிக் வகை. பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் அரை ஸ்வரம் உயரும் என்பதால் எல்லா ஸ்வரங்களும் கிடைக்கும். அந்தப் பொத்தானை விரைவாக அழுத்தியும் விட்டும் அவர் ஸ்வரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்லும் விதம், பாடும்போது அவர் குரலில் வரும் அசைவுகளை ஒத்திருக்கிறது. கருவி மாறினாலும் பாடுபவர் அவரே.

தொழில்நுட்ப வளர்ச்சியில் அவருக்குப் பங்கு உண்டா?

1976இல் ரே கர்ஸ்வைல் உருவாக்கிய, அச்சிட்ட எழுத்தை உரக்கப் படிக்கும் இயந்திரத்தின் முதல் பயனாளர்களில் அவரும் ஒருவர். அதிலிருந்து வளர்ந்த நட்பில், கணினியின் வசதியோடு உண்மையான வாத்தியங்களின் ஒலியைத் தரக்கூடிய கீபோர்டு வேண்டும் என்று அவர் கேட்க, 1984இல் கர்ஸ்வைல் 250 வெளிவந்தது. பார்வையற்றோருக்கான வடிவங்களில் புத்தகங்கள் தடையின்றிக் கிடைக்க வழிசெய்யும் 2013ஆம் ஆண்டு மராக்கேஷ் உடன்படிக்கைக்காகவும் அவர் தொடர்ந்து குரல் கொடுத்தார். அந்த உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா.

எண்பதுகளுக்குப் பிறகு தரம் குறைந்ததா?

விற்பனை குறையவில்லை, துணிச்சல் குறைந்தது என்று சொல்லலாம். டிஜிட்டல் கீபோர்டுகளும் டிரம் இயந்திரங்களும் வந்தபோது அவர் அவற்றை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் முன்பு அவருடைய கைகள் டிரம்ஸில் எழுப்பிய அந்தச் சீரற்ற உயிர்ப்பை இயந்திரத் தாளம் தரவில்லை. மெட்டுகளின் வளம் அப்போதும் அப்படியே இருந்தது.

இப்போது என்ன செய்கிறார்?

அவருடைய கடைசி முழு இசைத்தொகுப்பு 2005இல் வந்தது. 2014 முதல் 1976ஆம் ஆண்டுத் தொகுப்பை முழுமையாக மேடையில் வாசிக்கும் சுற்றுப்பயணங்களை நடத்தினார். 2019இல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2020இல், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இருந்த மோடவுனை விட்டு விலகிச் சொந்த வெளியீட்டு நிறுவனம் தொடங்கினார். 2024இல் கானா நாடு அவருக்குக் குடியுரிமை வழங்கியது; எழுபதுகளின் நடுவிலேயே இசையை விட்டுவிட்டு அங்கே குடியேற அவர் எண்ணியிருந்தார்.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

தொகுத்து விற்கப்படும் வெற்றிப் பாடல் வரிசைகளிலிருந்து தொடங்க வேண்டாம். அவை பாடகரைத்தான் காட்டும். முதலில் ‘இன்னர்விஷன்ஸ்’. ஒன்பது பாட்டுகள்தான்; ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். அதில் ‘லிவிங் ஃபார் த சிட்டி’யை ஹெட்ஃபோனில் கேட்கும்போது ஒரு முறை டிரம்ஸை மட்டும், மறுமுறை பேஸை மட்டும், பிறகு மின் பியானோவை மட்டும் பின்தொடருங்கள், மூன்றும் ஒரே ஆள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ‘டாக்கிங் புக்’. 1976ஆம் ஆண்டு இரட்டைத் தொகுப்புக்கு அதன் பிறகு வருவது நல்லது; அதில் பிறர் வாசிக்கும் இடங்கள் எவை, அவர் தனியாக வாசிக்கும் இடங்கள் எவை என்று அதற்குள் உங்கள் காதே சொல்லத் தொடங்கியிருக்கும்.